சிறுத்தை வந்தால் அலறும் குடுக்கை

ஒரு காட்டில் குகைகளைவிடப் பொறியியல் கல்லூரிகள் அதிகமாக இருந்தன. அவற்றில் ஒன்று அடர்வனம் அறிவியல் தொழில்நுட்பக் கல்லூரி. கட்டுப்பாட்டுக்குப் பெயர்போன இடம். வௌவால்கள்கூடக் காலை முதல் வகுப்புக்கு வந்தாக வேண்டும். தலைகீழாகத் தொங்கினால் வருகைப்பதிவு கிடையாது.

அங்கே செங்கமலம் என்ற முயல் மின்னணுவியல் படித்தாள். அவளுடைய அண்ணன் ஒருநாள் சாயங்காலம் அருகம்புல் மேயப் போனவன் திரும்பி வரவில்லை. புல்வெளியில் சிறுத்தையின் காலடித் தடம் மட்டும் இருந்தது. அன்றே முடிவு செய்துவிட்டாள். சிறுத்தை வந்தால் ஊருக்கே கேட்கிறமாதிரி அலறுகிற ஒரு கருவியைச் செய்யாமல் கல்லூரியை விட்டு வெளியே போகக்கூடாது.

இறுதியாண்டு வந்தது. புராஜெக்ட்டுக்காக மூன்று பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்தார்கள். செங்கமலத்தோடு இருளாண்டி என்ற கீரியும், சுந்தரேசன் என்ற மயிலும் சேர்ந்தார்கள். இருளாண்டிக்குக் கம்பியும் பேட்டரியும் கிடைத்தால் சோறு வேண்டாம். சுந்தரேசன் எதையும் செய்ய மாட்டான். ஆனால் செய்ததைப் பற்றி யார் பேசினாலும் அவனைப்போல் வராது.

கைடாகப் பேராசிரியர் அமிர்தகடேசன் கிடைத்தார். அவர் ஆமை. எதைக் கேட்டாலும், "பார்க்கலாம்மா" என்று சொல்லிவிட்டு ஓட்டுக்குள் போய்விடுவார்.

கீரியும் முயலும் ராப்பகல் பாராமல் உழைத்தார்கள். காய்ந்த சுரைக்குடுக்கை ஒன்றில் ஓட்டை போட்டு, உள்ளே மோப்பம் பிடிக்கும் சென்சாரை வைத்தார்கள். முள்செடியில் சிக்கியிருந்த சிறுத்தை முடியைக் கொண்டுவந்து ஓட்டையருகே காட்டியதும் குடுக்கை அலறியது. மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மான்கள் தட்டைப் போட்டுவிட்டு ஓடின. செங்கமலம் அழுதுவிட்டாள்.

"ஏம்மா அழுவுற? வேலை செய்யுதுல்ல?" என்றான் இருளாண்டி.

"அதான் அழுவுறேன்" என்றாள்.

வைவா நாள் வந்தது. எக்ஸ்டர்னல் யாரென்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. கதவு திறந்தது. கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு ஒரு சிறுத்தை உள்ளே வந்தது.

"நான் முனைவர் புள்ளியப்பன். அடுத்த காட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறேன். உட்காருங்கள்" என்றது.

அமிர்தகடேசன் ஓட்டுக்குள் போய்விட்டார். மற்றவர்களுக்கு ஓடு இல்லாததால் உட்கார்ந்தார்கள்.

செங்கமலம் சுவிட்சைப் போட்டாள். குடுக்கை அலறவில்லை. தட்டினாள். அப்போதும் அலறவில்லை.

"இது எதைக் கண்டுபிடிக்கும்?" என்று கேட்டது சிறுத்தை.

"சிறுத்தையை, சார்."

"நான் யார்?"

"எக்ஸ்டர்னல், சார்."

சிறுத்தை மீசையைத் தடவியது. "நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். ஏன் கத்தவில்லை?"

சுந்தரேசன் தோகையை விரித்துக்கொண்டு எழுந்தான். "அதுதான் சார் எங்க கண்டுபிடிப்பே. சாதாரண கருவி எல்லா சிறுத்தைக்கும் கத்தும். இது நல்லவங்களைப் பார்த்தா கத்தாது. ஏஐ, சார்."

சிறுத்தையின் முகம் மலர்ந்தது. "அற்புதம்! இவ்வளவு வருஷத்தில் என்னைச் சரியாகப் புரிந்துகொண்ட முதல் கருவி இதுதான். மூவருக்கும் முழு மதிப்பெண். மீதியைத் தனித்தனியாகப் பக்கத்து அறையில் பேசுவோம். முதலில் அந்த முயல் வரட்டும். வரும்போது கதவைச் சாத்திவிட்டு வா."

செங்கமலம் எழுந்தாள். குடுக்கையைப் பார்த்தாள். கல்லூரிச் சின்னம் போட்ட ஸ்டிக்கர் ஒன்று ஓட்டையின் மேலேயே பளபளவென்று ஒட்டியிருந்தது.

"யாருடா இத ஒட்டுனது?" என்று முணுமுணுத்தாள்.

"பார்க்க லட்சணமா இருக்கட்டும்னு காலைலதான் ஒட்டுனேன்" என்றான் சுந்தரேசன் பெருமையாக.

அவள் ஸ்டிக்கரைப் பிய்த்தாள். குடுக்கை வீறிட்டு அலறியது. முயல் ஜன்னல் வழியாகப் பாய்ந்தாள். கீரி பின்னாலேயே பாய்ந்தான். அமிர்தகடேசன்கூட வாழ்க்கையில் முதல்முறையாக வேகமாக நடந்தார் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

மறுநாள் முடிவு ஒட்டினார்கள். முயலுக்கும் கீரிக்கும் அரியர். "கருவி தேவையில்லாமல் சத்தம் போடுகிறது" என்று குறிப்பு வேறு. சுந்தரேசனுக்குச் சிறப்புத் தேர்ச்சி. அத்தோடு புள்ளியப்பனிடமே ஆராய்ச்சி செய்யும் வாய்ப்பும் கிடைத்தது. அவன் தோகையைத் தூக்கிக்கொண்டு போனான். அதன்பிறகு தகவல் இல்லை. "ஆராய்ச்சியில மூழ்கிட்டா பிள்ளைங்க எங்க போன் பண்ணுதுங்க" என்று அவனுடைய பெற்றோர் இன்றும் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்கிறார்கள்.

செங்கமலம் இரண்டு நாள் வளையைவிட்டு வெளியே வரவில்லை. இருளாண்டி வந்து கூப்பிட்டான்.

"துணைத் தேர்வுக்கும் அந்தாளுதான் எக்ஸ்டர்னலாம். வேற புராஜெக்ட் பண்ணிரலாமா?"

"வேண்டாம்" என்றாள். "உள்ள எதையும் மாத்த வேண்டாம். சத்தத்த மட்டும் மாத்து."

துணைத் தேர்வுக்கு முன்னால் அவள் வளை வளையாக, புதர் புதராகப் போய் ஒரே ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு வந்தாள்.

தேர்வன்று புள்ளியப்பன் கல்லூரி வாசலில் கால் வைத்ததும் குடுக்கையிலிருந்து கம்பீரமாக நாதஸ்வரம் முழங்கியது. தவிலும் சேர்ந்துகொண்டது. சிறுத்தை அப்படியே நின்றுவிட்டது.

முயலும் கீரியும் கல்லூரி வாசலருகே இருந்த ஒரு வளையின் வாயில் நின்றபடியே விளக்கினார்கள். "பெரியவங்க வந்தா தானாவே வரவேற்கும், சார். மத்தவங்களுக்கு வாசிக்காது."

"மற்றவர்களுக்கு வாசிக்கவே வாசிக்காதா?" என்று கேட்டது சிறுத்தை.

"ஒரு சுருதிகூட வராது, சார்."

புள்ளியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. "முழு மதிப்பெண். முதல் வகுப்பு. ஒரே ஒரு வேண்டுகோள். இது என்னுடனேயே இருக்கட்டும். கழுத்தில் கட்டிவிடுங்கள்."

இருளாண்டி கம்பியை முறுக்கி நன்றாகவே கட்டிவிட்டான்.

இப்போது அந்தச் சிறுத்தை எங்கே போனாலும் நாதஸ்வரம் முன்னால் போகிறது. புல்வெளியில் முயல்கள் நிம்மதியாக மேய்கின்றன. சத்தம் கேட்டதும் காணாமல் போகின்றன. புள்ளியப்பன் மட்டும் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வருகிறார்.

"நான் வந்தாலே எல்லோரும் எங்கேயோ ஓடுகிறார்களே, ஏன்?" என்று ஒருநாள் அமிர்தகடேசனிடம் கேட்டார்.

"உங்களுக்கு மாலை வாங்கத்தான், சார்" என்றார் ஆமை, ஓட்டுக்குள்ளிருந்து.

நீதி: ஆபத்தைப் பார்த்து அலறுகிறவர்களுக்கு அரியர்; அதே ஆபத்துக்கு மேளதாளம் வைக்கிறவர்களுக்கு முதல் வகுப்பு. ஆகவே மாணவர்களே, அலறுவதாக இருந்தால் ராகத்தோடு அலறுங்கள்.