சின்னப்பாப்பாவின் நண்டு

கதிர்காமம்,
புதுச்சேரி.

பாரீஸ் பக்கத்துக் குளிரில் கம்பளிக்குள் சுருண்டிருக்கும் என் அன்பு மச்சான் அருள்முருகனுக்கு, உன் மாமா தெய்வசிகாமணி மனம் நிறைந்த ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் வீட்டுக்காரியான உன் பெரியக்கா அமிர்தவல்லி, சின்னக்கா சின்னப்பாப்பா, அவள் மகன் முகிலன், புது மருமகள் கலைமகள் எல்லோரும் நலம். அங்கே நீயும், உன் மனைவியும், என் முகம் போனில் தெரிந்ததும் "போன்ஜூர் மாமா" என்று சொல்லிவிட்டு, அதற்குமேல் பேசத் தமிழ் கையிருப்பில் இல்லாமல் ஓடிவிடுகிற உன் இரண்டு பிள்ளைகளும் நலந்தானே?

இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன மாதம் வீடியோ காலில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "மாமா, காது கேக்காதவங்க எல்லாரும் ஒரே கைபாஷைக்கு வந்துட்டா நல்லதுதான? சின்னக்கா பாஷைய இன்னும் எதுக்கு வச்சிக்கினு இருக்கணும்? மொத்தமே நாலு பேருக்குத்தான் தெரியும். போனா போவட்டுமே" என்றாய். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் உன் அக்கா போனைப் பிடுங்கி, உன் மாமியார் முழங்கால் வலியில் ஆரம்பித்து எதிர்வீட்டு நாயில் கொண்டுபோய் முடித்தாள். என் பதில் தொண்டையிலேயே நின்றுவிட்டது. காகிதத்தை யாரும் பிடுங்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

உனக்குத் தெரியாததில்லை, ஆனாலும் சொல்வதை முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோவையாக வரும். சின்னப்பாப்பாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கனகசெட்டிக்குளத்தில் அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. எனவே உன் அம்மாவும், அக்காவும், நீயும், அவளுமாகக் கையாலேயே ஒரு பேச்சை உண்டாக்கிக்கொண்டீர்கள். அம்மா போய்விட்டார், நீ பிரான்சுக்குப் போய்விட்டாய், முகிலன் பிறந்து அந்தப் பேச்சைப் பாலோடு குடித்து வளர்ந்தான். கணவர் இறந்தபின் அவள் மகனோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறாள், அவளிடம் பேரம் பேசி ஜெயித்தவர் இல்லை. இத்தனை வருஷமாக ஒரே வீட்டில் இருந்தும் நான் அந்தப் பேச்சில் ஒரு வார்த்தை கற்றதில்லை என்பதை இங்கேயே பதிவு செய்கிறேன். சாப்பாடு என்றால் வாயைக் காட்டுவேன், வெளியே போகிறேன் என்றால் வாசலைக் காட்டுவேன். ஒரு மச்சினிச்சியிடம் அதற்குமேல் பேச என்ன இருக்கிறது?

இப்படி இருக்கையில்தான் கடலூரில் ஒரு கல்யாணப் பந்தியில் என் பக்கத்தில் ராமலிங்கம் என்று ஒருவர் உட்கார்ந்தார். அவர் மகள் கலைமகளுக்கும் காது கேட்காதாம், ஆனால் நன்றாகப் படித்தவளாம், காது கேளாதோர் பள்ளியில் முறையான கைமொழி கற்று, கம்ப்யூட்டரில் அழைப்பிதழ் வடிவமைக்கும் வேலையில் இருக்கிறாளாம். ரசத்தை அப்படியே விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினேன். "சார், எங்க வீட்லயும் ஒருத்தி கையாலதான் பேசுறா. அவ மவன் கையாலயும் பேசுவான், வாயாலயும் பேசுவான். மாமியாரும் மருமவளும் ஒரே பாஷை பேசுற வீடு உங்க பொண்ணுக்கு வேற எங்க கெடைக்கும்?" என்றேன். அவர் இலையை விட்டு எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார், இரண்டு பேர் கையிலும் சாம்பார். இவ்வளவு பொருத்தமான வரனை எந்தத் தரகனும் பார்த்ததில்லை என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பெண் பார்க்கப் போனோம். கலைமகள் பட்டுப்புடவையில் வந்து நின்றாள். லட்சணமான பெண். அவளைப் பார்த்த சந்தோஷத்தில் சின்னப்பாப்பா, தன் இடது முன்கையை நீட்டி வலது கையால் அதைத் துண்டு துண்டாக வெட்டுவதுபோலச் செய்துகாட்டினாள். அவளைப் பொறுத்தவரை அது வஞ்சிர மீன். வஞ்சிரம் என்றால் உயர்ந்த சரக்கு, 'முதல் தரமான பெண்' என்று பொருள். கலைமகளுக்கோ, வரப்போகிற மாமியார் கையை வெட்டிவிடுவேன் என்கிறாள் என்று பட்டது. அந்தப் பெண் ஓரடி பின்வாங்கினாலும் மரியாதையை விடாமல், தாடையில் கைவைத்து முன்பக்கமாக நீட்டினாள். அவள் பள்ளியில் சொல்லிக்கொடுத்த 'நன்றி' அது. நம் சின்னப்பாப்பாவின் அகராதியில் அதற்கு 'அழுகிப்போச்சு, தூக்கிக் குப்பையில் போடு' என்று அர்த்தம் என்று உனக்கே தெரியும். அவ்வளவுதான், சின்னப்பாப்பா கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள். ராமலிங்கம் என்னைப் பார்த்து, "என்னங்க, ஒரே பாஷைன்னீங்களே!" என்றார். "ஒரே பாஷைதாங்க, கொஞ்சம் உச்சரிப்பு வேற" என்று சமாளித்தேன். உன் அக்கா என்னைப் பார்த்த பார்வைக்கு எந்த மொழியிலும் ஒரே அர்த்தந்தான்.

கைமொழி என்றால் உலகம் முழுக்க ஒன்றுதான் என்று நான் நினைத்திருந்தேன், மச்சான். நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய். சைகைதானே, அதில் என்ன கடலூர், கனகசெட்டிக்குளம்? அப்படி இல்லையாம். இரண்டு பேரும் பேச முடியாதவர்கள் என்று நாம் ஒரே கூடையில் போட்டுவிட்டோம். உண்மையில் தமிழச்சி ஒருத்தியையும் ஜப்பான்காரி ஒருத்தியையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு, ரெண்டு பேரும் வாயாலதானே பேசுறீங்க, பேசிக்குங்க என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

நல்லவேளையாக முகிலனுக்கு விஷயம் புரிந்தது. அம்மா பின்னால் ஓடாமல், அந்த இடத்திலேயே போனை எடுத்து வஞ்சிரத்தின் கதையைத் தமிழில் தட்டி கலைமகளிடம் காட்டினான். படித்துவிட்டு அந்தப் பெண் சிரித்தது பார், சத்தமே வராமல் தோள் குலுங்கக் குலுங்க! நேராக வாசலுக்குப் போனாள், பஸ்ஸைத் தேடிக்கொண்டிருந்த சின்னப்பாப்பாவின் எதிரே நின்று, தன் முன்கையை நீட்டித் தானே துண்டு துண்டாக வெட்டிக்கொண்டாள். கல்யாணம் நிச்சயமானது.

ஆனால் கல்யாணம் முடிந்து ஒரு வீட்டில் குடியிருக்கும்போது வஞ்சிரத்தை மட்டும் வைத்து எப்படிக் காலம் தள்ளுவது? அப்போதுதான் நீயும் நானும் சேர்ந்து சீர்திருத்தத்தில் இறங்கினோம். நீ பெரிய திரை வைத்த போன் அனுப்பினாய். அதில் முறையான கைமொழிப் பாடங்களைப் போட்டு அவள் முன்னால் நான் வைத்தேன். "இதுதான் சரியான பாஷை, நீ பேசுறது நீங்களா கட்டிக்கினதுன்னு அவளுக்குச் சொல்லு" என்று உன் அக்காவிடம் சொன்னேன். உன் அக்கா சொன்னாளோ என்னவோ, சின்னப்பாப்பாவுக்குப் புரிந்துவிட்டது. சில நாள் போனைப் பார்த்துப் பார்த்து விரலை மடக்கினாள். அப்புறம் போனை அணைத்துக் கவிழ்த்து வைத்தாள். அதோடு பேசுவதையும் நிறுத்திவிட்டாள். மடியில் ஒரு கைமேல் இன்னொரு கையை வைத்து உட்கார்ந்துவிட்டாள். மார்க்கெட்டிலும் விலையை மட்டும் விரலில் காட்டினாளாம். அவள் கை பேசிக்கொண்டிருந்தபோதும் அதில் ஒரு சத்தமும் இருந்ததில்லை, ஆனாலும் அந்த வாரம் வீடு அவ்வளவு அமைதியாகிப் போனது எனக்கே காதில் விழுந்தது.

உன் அக்கா சமையலறையில் அழுதாள். "ஏம்மே அழுவுற, பொது பாஷை கத்துக்கட்டும்னுதான சொன்னேன்?" என்றேன். அவள் காதோரத்தில் பீடி செருகுவதுபோல விரலை வைத்துக்காட்டினாள். உங்கள் அப்பாவுக்கு நீங்கள் வைத்திருந்த பெயர் அது. "இப்படி அவர எங்க நாலு பேரு கைதாங்க கூப்புடும். இவ கைய மடிச்சிப்புட்டா, நானும் யார்கிட்ட கூப்புட்டுப் பேசுவேன்? போட்டோவுல இருக்கிறவரு வேற யாரோ மாதிரி ஆயிடுவாருங்க" என்றாள். நான் பம்ப் ஆப்பரேட்டராக வேலை பார்த்தவன். தண்ணீர் எங்கே அடைத்துக்கொண்டது என்றால் உடனே சொல்வேன். இது என் கைக்கு எட்டாத அடைப்பு, முருங்கைக்கீரையை ஆய்ந்து கொடுத்தேன்.

அடைப்பை எடுத்தவள் கலைமகள்தான். அவளுக்கு விடுமுறை நாளென்றால் மாமியாரோடு பெரிய மார்க்கெட்டுக்குக் கிளம்ப ஆரம்பித்தாள். நான் பின்னாலேயே பையோடு போனேன், துப்பறிய அல்ல, காய் வாங்க. கலைமகள் ஒவ்வொரு மீனாகத் தொட்டுப் புருவத்தைத் தூக்கினாள். அவள் கற்ற மொழியில் மீன் என்றால் கையை நீந்தவிட்டால் முடிந்தது. ஒவ்வொரு மீனுக்கும் அவளுக்குத் தனித்தனிப் பெயர் தெரியாது. சின்னப்பாப்பா முதலில் அசையவில்லை. பிறகு சுண்டுவிரலை மட்டும் படபடவென்று நடுங்கவிட்டாள், நெத்திலி. கண்ணிமையை விரித்துப் பிடித்தாள், சங்கரா. உச்சந்தலையில் கையைச் செங்குத்தாக வைத்தாள், சுறா. புறங்கையை மூக்கருகில் கொண்டுபோய், ஒன்றும் தெரியாதவள்போல வேறு பக்கம் பார்த்தாள், அது 'நேற்றைய மீனை இன்றைய மீன் என்று விற்பது'. தன்னைத்தான் சொல்கிறாள் என்று பக்கத்துக் கடைக்காரி கோபித்துக்கொண்டாள். கலைமகளும் சும்மா வாங்கிக்கொள்ளவில்லை. தன் பக்கத்திலிருந்து 'ஒருவேளை' என்ற வார்த்தையைக் கொடுத்தாள். நம் சின்னப்பாப்பாவிடம் அது கிடையாது, மீன் வியாபாரத்தில் ஒருவேளை ஏது? கிடைத்த மறுநிமிஷமே அதைப் பேரம் பேச வந்த ஒருவரிடம் பிரயோகித்தாள். அவர் குழம்பிப்போய்க் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

இதெல்லாம் வேடிக்கை. வேடிக்கையில்லாத ஒன்றை இனித்தான் சொல்லப்போகிறேன், பதறாதே, எல்லாம் சரியாகிவிட்டது. நானும் உன் அக்காவும் திண்டிவனத்தில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தோம். முகிலன் வில்லியனூரில் வேலைக்குப் போயிருந்தான். சின்னப்பாப்பாவுக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு தாங்க முடியாத வலி. கலைமகள் அவளை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டாள். இவளுக்கும் காது கேட்காது, அவளுக்கும் கேட்காது, எதிரில் ஒரு இளம் டாக்டரம்மா. சின்னப்பாப்பா இரண்டு விரலைக் கொடுக்குபோல ஆக்கி, முதுகுப்பக்கம் விலாவுக்குக் கீழே வைத்துக் கவ்வினாள், அதை இடுப்போடு பக்கவாட்டில் நடத்திக்கொண்டு முன்னால் அடிவயிற்றுக்குக் கொண்டுவந்தாள், கவ்வினாள், விட்டாள், மறுபடி கவ்வினாள். டாக்டரம்மா நல்ல பெண், கவனமாகப் பார்த்துவிட்டு, "நண்டு சாப்டாங்களா? அலர்ஜியா?" என்று எழுதிக் கேட்டிருக்கிறார். கலைமகள் போனில் தட்டிக் காட்டியிருக்கிறாள்: 'நண்டு தின்னவில்லை. நண்டு கவ்வுகிற மாதிரி வலி. முதுகில் தொடங்கி முன்னால் இறங்குகிறது. விட்டு விட்டு வருகிறது.'

நாங்கள் அலறியடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது ஸ்கேன் எடுத்து முடிந்திருந்தது. சிறுநீரகத்தில் கல். டாக்டரம்மா என்னிடம், "வலின்னு மட்டும் சொல்லியிருந்தா நான் வேற எங்கெங்கயோ தேடியிருப்பேன் சார். அவங்க வலிக்கு ரூட்டே போட்டுக் காட்டிட்டாங்க. இந்தப் பொண்ணு அத அப்படியே எழுதிட்டாங்க. இவங்க சொந்தப் பொண்ணா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். உன் அக்கா திருத்தவில்லை. இப்போது கல்லும் வெளியேறிவிட்டது, சின்னப்பாப்பா மார்க்கெட்டுக்கும் போகிறாள்.

ஆகவே மச்சான், உன் கேள்விக்கு என் பதில். பொதுமொழி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் கலைமகளுக்குப் படிப்பேது, வேலையேது? ஆனால் நாலு பேர் பேசுகிற மொழிதானே, போனால் போகட்டும் என்றாயே, அதுமட்டும் சரியில்லை. அதில்தான் நண்டு நடக்கிறது, உங்கள் அப்பா பீடி செருகுகிறார். பெரிய மொழிக்காரர்கள் பெரிய மனசு பண்ணி ஒரு ஓரமாக இடம்விட்டால் போதும், அது பிழைத்துக்கொள்ளும். கலைமகளின் தோழிகள் கடலூரிலிருந்து வந்திருந்தபோது அவர்கள் நெத்திலியையும் சங்கராவையும் கற்றுக்கொண்டு போய்விட்டார்கள், இப்போது அங்கே யாரோ முகம் தெரியாத பெண்களெல்லாம் சுண்டுவிரலை நடுங்கவிடுகிறார்களாம். மாமியாரும் மருமகளும் இரண்டையும் கலந்து புதிதாக ஒன்று பேசுகிறார்கள். வேகம் தாங்காமல் முகிலனே 'மெதுவாக' என்று கெஞ்சுகிறான். எனக்கு ஒன்றுமே புரியாததால் நான் நிம்மதியாக இருக்கிறேன். நீயும் வாரம் ஒருமுறை வீடியோவில் வந்து உன் சின்னக்காவோடு கையால் பேசு, பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவை. தமிழ்தான் வரவில்லை, சுறாவாவது வரட்டும்.

உன் குடும்பத்துக்கு எந்தக் குறையும் வராமல் எங்கள் குலதெய்வம் காத்து நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டு,

உன் நலம் நாடும்,
மாமா தெய்வசிகாமணி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் ஒரு விபரீதம். கூடத்தில் உட்கார்ந்திருந்த சின்னப்பாப்பா என்னைக் காட்டி மருமகளிடம், 'பார், அந்த மரக்கட்டை நம்மைப் பற்றித்தான் ஏதோ கோள்மூட்டி எழுதிக்கொண்டிருக்கிறது' என்றாள். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, 'கோள் இல்லை, நல்லதாகத்தான் எழுதியிருக்கிறேன், இன்னொரு தடவை மரக்கட்டை என்றால் நடப்பதே வேறு' என்று கையாலேயே சொல்லிவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் என் கை என்ன செய்தது என்று எனக்கே தெரிந்தது. சின்னப்பாப்பா வாயைப் பிளந்து, எவ்வளவு நாளாய் உனக்குப் புரிகிறது என்று கேட்டாள். உன் அக்காவைக் கட்டிய வருஷத்திலிருந்து என்றேன். என் முன்னாலேயே என்னைப் பற்றி இத்தனை காலம் சொன்னதெல்லாம் அவளுக்கு ஒன்றொன்றாய் ஞாபகம் வந்திருக்க வேண்டும், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கலைமகள் தரையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். ஆனால் என் விரல் மடிப்பு சுத்தமாகத் தப்பாம், நான் பேசுவது ஒரே கொச்சையாம், மாலையில் உட்காரவைத்துத் திருத்தப் போகிறார்களாம். ஆகையால் என்னிடமிருந்து அடுத்த கடிதம் வரத் தாமதமானால் கவலைப்படாதே, கை ஒழியவில்லை என்று வைத்துக்கொள்.