அப்பாவின் கழுத்தில் மாலை

திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் சிவபதம் அண்ணை படம் கீறிய ஆட்களில், உயிரோடு இருப்பவர்போல் வந்தவர் ஒருவருமில்லை. மரண அறிவித்தலில் 'சிவபதமடைந்தார்' என்று போடுவார்களே, அதிலிருந்து வந்த பட்டப்பெயர் அது. சொந்தப் பெயர் அவருக்கே ஞாபகம் இருந்ததா தெரியாது.

தன் விருப்பத்துக்குக் கீறினால் ஆளில்லாத வள்ளம், ஆளில்லாத சாய்வுக் கதிரை. ஆளைக் கீறினால் முகம் அச்சொட்டாக இருக்கும். கழுத்தில் மட்டும், செத்தவர் படத்துக்குப் போடும் மாலையையும் சேர்த்துக் கீறிவிடுவார். "மற்றவன் போட முதல் நாங்களே ஒருக்காப் போட்டுப் பாக்கவேணும்" என்பார்.

கிண்ணியாவிலிருந்து வந்த முஸ்லிம் நானா ஒருவர் படகு கட்டும் ஜெட்டிக்குப் பக்கத்தில் தேத்தண்ணிக் கடை திறந்தபோது பெயர்ப் பலகை கேட்டார். அண்ணை ஒரு வடையும் மண்டையோடும் கீறி, 'தின்பவனும் ஒருநாள் தின்னப்படுவான்' என்று எழுதிக் கொடுத்தார்.

"என்ன அண்ணன் இது? வாற சனமெல்லாம் வாசிச்சிட்டுப் போகுது!"

"வாசிக்குதுதானே?"

நானா பலகையை உட்பக்கம் திருப்பி மாட்டினார். அதன்பிறகு காசு மேசையில் இருந்தபடி அவர்தான் நாள்முழுக்க அதை வாசித்தார்.

எங்கள் பரம்பரையிலேயே முதல் ஆளாக நான் பல்கலைக்கழகம் படிக்கக் கம்பசுக்கு எடுபட்டபோது, மீன்பிடிக்கும் என் அப்பாவைக் கீறி அன்பளிப்பாகத் தந்தார். சேர்ட் இல்லாத வெறும் மேல், வாடிய மாலை. அப்பா பெருமையோடு முன்சுவரில் மாட்டினார்.

அக்காவைப் பெண் பார்க்கப் பாலையூற்றிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் படத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தா.

"பாவம். எப்ப தவறினவர்?"

கிணற்றடியிலிருந்து தலையைத் துவட்டிக்கொண்டு வந்த அப்பா, "ஆர்?" என்றார்.

அந்த அம்மா நிலத்திலேயே குந்திவிட்டா.

அந்தப் படம் தொங்குகிற வீட்டில் சம்பந்தம் ஏலாது என்று மறுநாள் சொல்லியனுப்பினார்கள். அப்பா கழற்ற மறுத்தார். "என்ர முகத்தை இதுக்கு முதல் ஆரடா கீறினது?" அக்கா சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தா.

நான் அண்ணையிடம் ஓடினேன்.

"மாலையை அழிச்சால் அது பொய், தம்பி. மனிசன் எண்டால் சாகத்தானே வேணும்?"

"சாகட்டும் அண்ணை. கலியாணத்துக்குப் பிறகு சாகட்டும்."

அண்ணை கையிலிருந்த தூரிகையைத் துடைத்தார். பிறகு, "அக்காவுக்கு அவனைப் பிடிச்சிருக்கோ?" என்றார்.

"ஓம்."

தூரிகையோடு வீட்டுக்கு வந்து, மாலை மறையும்படி அதற்கு மேலே நீலச் சேர்ட் ஒன்றைக் கீறினார். கடைசிப் பொத்தானில் அவர் கண் கலங்கியது. "பெயின்ற் மணம்" என்றார்.

கலியாணம் நடந்தது. அண்ணை இன்றும் ஊராரை மாலையோடுதான் கீறுகிறார். எங்கள் அப்பாவை மட்டும் உயிரோடு விட்டுவைத்திருக்கிறார்.