நான் வைத்த ஒரே நல்ல வெல்டிங்

டிப்ளமோ முடித்தவனைக் கண்டால் இரும்பு பயப்படும் என்று நான் பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். (முடித்தவன் என்பதே கொஞ்சம் தாராளம்தான். இரண்டு பேப்பர் இன்னும் பாக்கி.) அந்த நம்பிக்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தாயில்பட்டியில், என் சொந்த வேனுக்குள் எரிந்துபோனது.

அப்போது நான் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தேன். காலையில் இருபது பெண்களை ஏற்றிக் கம்பெனி வாசலில் இறக்குவது, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவது. அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. தினமும் அவர்களுக்குப் பாதுகாப்புப் பாடமும் நடத்துவேன். "மருந்துக் கையோட எதையும் தொடாதீக. செல்போனை உள்ள கொண்டுபோகாதீக." பதினைந்து வருடமாக வெடிக்கு மருந்து அடைக்கிறவர்களுக்கு, ஸ்டியரிங்கைத் தவிர எதையும் பிடித்தறியாத நான் சொன்ன அறிவுரை இது. அவர்களில் மூத்தவரான பேச்சியம்மா அக்கா, "சரி தம்பி, ரோட்டைப் பாத்து ஓட்டு" என்பார்.

ரோட்டை நான் மட்டும் பார்க்கவில்லை. உள்ளே இருந்தவர்களும் பார்த்தார்கள். வேனின் படிக்குப் பக்கத்தில் தரைத்தகடு துருப்பிடித்து, இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை விழுந்திருந்தது. சிவகாசிப் பக்கம் காலண்டர் அட்டைக்கா பஞ்சம்? அச்சு பிசகிய முருகன் அட்டை ஒன்றை வாங்கி ஓட்டையை மூடினேன். சாமி படத்தை யாரும் மிதிக்க மாட்டார்கள் என்பது என் இன்ஜினியரிங்.

ஒருவரும் மிதிக்கவில்லை. ஆனால் வெம்பக்கோட்டை விலக்கில் வண்டி ஒரு குலுக்கு குலுக்கியபோது, பேச்சியம்மா அக்காவின் தூக்குச்சட்டி முருகனையும் கூட்டிக்கொண்டு ரோட்டில் இறங்கிவிட்டது.

"தம்பி, சோறு இறங்கிருச்சு" என்றார் அக்கா. "அடுத்தது நாந்தான் இறங்கணும்."

போதாக்குறைக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை எஃப்.சி. வேறு. வண்டி ஓடத் தகுதியானதுதான் என்று அதிகாரியிடம் காட்டிச் சான்று வாங்காவிட்டால், வேன் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

வெல்டர் கணபதி அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். அவர் ஓட்டையைப் பார்க்கவே இல்லை. தரையில் விரித்திருந்த ரப்பர் மேட்டை விரலால் ஒரு தடவு தடவி எனக்குக் காட்டினார். விரல் நுனி வெள்ளியாய் மின்னியது.

"பொம்பளையாளுக சேலையில ஒட்டிட்டு வர்ற மருந்துத்தூசி அம்புட்டும் இங்கனதான் கிடக்கு. சீட்டு, மேட்டு எல்லாத்தையும் வெளிய எடுங்க. வண்டிய ரெண்டு தடவை கழுவிக் காயவச்சுக் கொண்டாங்க. அதுவரைக்கும் நான் வெல்டிங் ராடைத் தொடமாட்டேன்."

ஒரு தொழிலாளி தன் தொழிலைத் தெரிந்து சொன்ன வார்த்தை. என் காதில் அது சோம்பேறியின் சாக்காக விழுந்தது.

"அவரு சொன்னபடி கழுவித்தான் கொண்டுபோங்களேன்" என்றாள் என் மனைவி செல்வி.

"வெல்டிங் என்ன பெரிய வித்தையா? நானே வைக்கிறேன்."

நான்கு வீடியோ பார்த்தேன். அதில் ஒருவர் இட்லியால் சட்னியைத் தொடுவதுபோல ராடை லேசாகத் தொட்டுத் தொட்டு எடுத்தார். இரும்பு வெண்ணெயாக ஒட்டியது. கேட் செய்யும் நண்பனிடம் மெஷினை இரவல் வாங்கினேன். முகத்தை மூடும் கவசமும் கொடுத்தான். போட்டால் வேர்க்கிறது என்று அதை ஓரமாக வைத்துவிட்டு, கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டேன்.

சீட்டுகளைக் கழற்றினேன். ஆனால் வெளியே எடுக்கவில்லை. டிரைவர் சீட்டுப் பக்கமாக அடுக்கி, மேட்டைச் சுருட்டி அவற்றின் அடியில் திணித்தேன். வண்டியைக் கழுவவும் இல்லை. தண்ணீர் பட்டால் துரு கூடும் அல்லவா? (படித்தவன் யோசனை.) எதிர்த்த குழாயடியில் பேச்சியம்மா அக்காவும் என் வேனில் வரும் இன்னும் நான்கு பேரும் குடத்தை வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வித்தைக்காரனுக்குக் கூச்சம் வந்துவிட்டது. வேன் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டேன்.

என் ராடு தொட்ட இடத்தில் எல்லாம் ஒட்டிக்கொண்டது. பிடுங்கினால் தகடும் சேர்ந்து வந்தது. ஒவ்வொரு தொடுதலுக்கும் மெஷின் கரண்டை இழுக்க, தெரு வீடுகளில் ஃபேன்கள் தயங்கித் தயங்கிச் சுற்றின. ஒரு மணி நேரத்தில், குளவி கூடு கட்டிப் பாதியில் விட்டதுபோல ஒரு கோடு உருவானது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. படியோரத்தில், கதவுக்குக் கீழே, தாராளமாக இன்னும் இரண்டு ராடு உருக்கி ஊற்றினேன்.

அப்போதுதான் ஒரு பொறி துள்ளி மேட்டுச் சுருளில் விழுந்தது.

வெடிக்கவில்லை. 'சர்ர்' என்று வெள்ளை வெளிச்சம் எழுந்து அடங்கியது, அவ்வளவுதான். என் இரண்டு புருவங்களும் அதோடு போய்விட்டன. அடுத்த நிமிடம் சீட்டுப் பஞ்சு புகைய ஆரம்பித்தது. கதவை இழுத்தேன். வரவில்லை. உதைத்தேன். அசையவில்லை. தகட்டோடு கதவையும் சேர்த்து ஒட்டியிருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது. பின்கதவு துருவேறித் திறக்காமல் போய் இரண்டு வருடம். டிரைவர் பக்கம் புகையும் சீட்டுகள்.

மிச்சம் ஜன்னல். கண்ணாடியைத் தள்ளித் தலையை விட்டேன், தோளை விட்டேன். வயிறு வரமாட்டேன் என்றது. பாதி உடம்பு தெருவிலும் பாதி உடம்பு புகையிலுமாகத் தொங்கினேன். குழாயடியில் யாரோ சிரித்தது கேட்டது.

செல்வி வாளித் தண்ணீரோடு ஓடிவந்தாள். பேச்சியம்மா அக்கா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"தண்ணி வேண்டாம் தாயி. மருந்து எரியும்போது தண்ணி ஆகாது. மண்ணை அள்ளு."

அடுத்த வீட்டில் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணலை, அந்தப் பெண்கள் குடத்திலும் முந்தானையிலும் அள்ளி இன்னொரு ஜன்னல் வழியாகக் கொட்டினார்கள். ஒருவரும் கத்தவில்லை, ஒருவரும் மோதிக்கொள்ளவில்லை. நான் பாடம் நடத்திய இருபது பேரில் ஐந்து பேர், இரண்டே நிமிடத்தில் தீயை அடக்கினார்கள். பிறகு அக்கா என் சட்டைக் காலரையும் செல்வி என் கையையும் பிடித்து இழுக்க, சட்டை பாதியும் தோல் கொஞ்சமும் ஜன்னலில் தங்க, நான் தெருவில் விழுந்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. என் காலரையும் விடவில்லை.

"ஏலே, பொறி விழுந்தா தப்பிச்சு ஓடணும்னுதான் மருந்து ரூமுக்கு நாலு பக்கமும் கதவு. சீசன்ல அதுலயும் ரெண்டை மறிச்சு லோடை அடுக்கிருவாக. அதுக்கே நாங்க தினம் சாமி கும்பிட்டுட்டு உள்ள போறோம். நீ இருந்த ஒத்தக் கதவையும் ஒட்டிட்டு உள்ள உக்காந்திருக்கியே."

நான் புருவம் இருந்த இடத்தைத் தடவிக்கொண்டேன்.

சாயங்காலம் கண்ணுக்குள் மிளகாயும் மணலும் சேர்ந்து அரைபட்டன. கூலிங் கிளாஸின் கைங்கரியம். டாக்டர் சொட்டுமருந்து போட்டுக் கண்ணைக் கட்டிவிட்டார். கணபதி அண்ணாச்சி வந்து வேனைப் பார்த்ததை என்னால் காதால் கேட்கத்தான் முடிந்தது. ஓட்டைக்கு நான் வைத்த தகட்டை அவர் காலால் தட்டினார், கீழே விழுந்தது. கதவைத் திறக்கக் கிரைண்டர் வைத்து அரை மணி நேரம் அறுத்தார்.

"நீங்க வச்சதுல இது ஒண்ணுதான் நல்லா நின்னிருக்கு" என்றார் மரியாதையாக.

அவரே வண்டியைக் கழுவி, தரையை முழுசாக மாற்றி, பின்கதவையும் திறக்கிறமாதிரி செய்து கொடுத்தார். செவ்வாய் போய், பத்து நாள் கழித்துத்தான் எஃப்.சி. கிடைத்தது. முதல் நாள் ஏறும்போது பேச்சியம்மா அக்கா கதவை இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். நான் அன்றோடு பாடம் நடத்துவதை விட்டுவிட்டேன். புருவம் இல்லாத முகத்தோடு எந்த அறிவுரையும் எடுபடாது.

வீட்டில் இருப்பவர்கள்தான் இன்னும் என்னை விடவில்லை. ஏதாவது ரிப்பேர் என்று நான் ஸ்குரூ டிரைவரை எடுத்தால் போதும், செல்வி எழுந்து முன்வாசலையும் பின்வாசலையும் திறந்து வைக்கிறாள். மகள் ஜன்னலைத் திறந்து, அதையும் என் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொல்கிறாள்:

"இதுல அப்பா வரமாட்டாரும்மா."