பால் காய்ச்சின வீட்டில் ப்ளூஸ்

நியூஜெர்சியில் தமிழ் ஆணுக்கு நாற்பது வயது தாண்டியதும் ஏதாவது ஒன்று பிடித்துக்கொள்ளும். சிலருக்கு மாரத்தான். சிலருக்குப் பேலியோ டயட் (இவர்களைக் கல்யாணப் பந்தியில் பார்க்க வேண்டும், பாவமாக இருக்கும்). சிலர் பேக்யார்டில் முருங்கை வளர்த்து, குளிர்காலம் வந்ததும் அதைத் தொட்டியோடு வீட்டுக்குள் தூக்கி வந்து மனைவியிடம் திட்டு வாங்குவார்கள். எனக்கு பேஸ் கிடார் பிடித்தது. அதிலும் சோல், ப்ளூஸ் வாசிக்கிற ஒரு பேண்டோடு சேர்த்துப் பிடித்தது.

பேண்டை ஆரம்பித்தவர் மார்கஸ். ஆபீஸில் என் மேனேஜர். கறுப்பின அமெரிக்கர், சர்ச்சில் ட்ரம்ஸ் வாசித்தே வளர்ந்தவர். பேஸ் வாசிக்க ஆள் தேடுகிறேன் என்று ஒருநாள் லஞ்சில் சொன்னார். எனக்கு வரும் என்று சொல்லிவிட்டேன். (என் வருடாந்திர ரிவ்யூவை எழுதுகிற மனிதர் கேட்கிறார். வேறென்ன சொல்வது?) கிடாரை அதற்கு அடுத்த வாரம்தான் வாங்கினேன். துக்கத்தை வாய்விட்டுச் சொன்னால் ப்ளூஸ், அதையே நாலு பேரோடு கை தட்டிச் சொன்னால் சோல் என்று மார்கஸ் எனக்கு ஒரே நிமிடத்தில் பாடம் முடித்தார்.

பாடகர் கோபி. மதுரைக்காரர், மயக்க மருந்து டாக்டர். வாரம் முழுக்க ஊசி போட்டுத் தூங்க வைக்கிறவர், சனிக்கிழமை பாடித் தூங்க வைக்கிறார் என்பாள் என் மனைவி கவிதா. உண்மையில் அவருக்கு நல்ல குரல். ஒரே குறை, பாட ஆரம்பித்தால் கண்ணை இறுக்க மூடிக்கொள்வார். பாட்டு முடிந்தால்தான் திறப்பார். இந்த விவரத்தை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

மான்மவுத் ஜங்ஷனில் என் வீட்டு பேஸ்மெண்டில்தான் பிராக்டிஸ். எங்கள் மேடை வாழ்க்கையைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பூங்காவில் ஒரு மாலைக் கச்சேரி. மழை வந்து காப்பாற்றியது, யாரை என்று கேட்காதீர்கள். பிறகு பார்க்கிங் லாட்டில் நடந்த ஒரு தீபாவளி மேளா. முதல் பாட்டு முடிவதற்குள் ஓர் அங்கிள் மேடைக்கு அருகில் வந்து, ஒரு குத்துப் பாட்டு போடக்கூடாதா தம்பி என்று அன்பாகக் கேட்டுவிட்டுப் போனார்.

கவிதாவின் பொறுமை அத்தோடு தீர்ந்தது. பேஸ்மெண்ட் அவளுக்கு வேண்டும். மகள் அங்கே பரதம் பழக வேண்டும், ட்ரம்ஸ் செட் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அதற்காக அவள் அநியாயம் செய்யவில்லை. ஒரு வாய்ப்புக் கொடுத்தாள். அவளுடைய பெரியப்பா மகன் செந்தில் வெஸ்ட் வின்ட்சரில் புது வீடு வாங்கியிருந்தார். கிரகப்பிரவேசத்துக்குச் சொந்தக்காரர்கள் எல்லோரும் வருவார்கள்.

“அங்க ஒரு தடவை ஒழுங்கா வாசிங்க. நல்லா இருந்துச்சுன்னா அப்புறம் நான் வாயே தெறக்க மாட்டேன். இல்லைன்னா பேஸ்மெண்ட்டைக் காலி பண்ணிக் குடுத்துரணும்” என்றாள்.

நான் ஒப்புக்கொண்டேன். அந்தப் பேஸ்மெண்டும் போய்விட்டால் எனக்கு வாரம் முழுக்க மிச்சமிருப்பது மீட்டிங் மட்டும்தான்.

பெரியவர்கள் வருவதால் தமிழில் ஒரு பாட்டாவது இருக்க வேண்டும் என்று செந்திலின் மனைவி வனிதா சொல்லியனுப்பினாள். அதற்கென்ன, நானே எழுதுகிறேன் என்றேன். என் கேடு காலம் அங்கேதான் தொடங்கியது. ப்ளூஸில் முதல் வரியை இரண்டு தடவை பாடி, மூன்றாவது வரியில் பதில் சொல்ல வேண்டும். காலையில் எழுந்து பார்த்தால் காதலி விட்டுவிட்டுப் போயிருப்பாள். ஸ்டேஷனுக்கு ஓடினால் ரயிலும் போயிருக்கும். அப்படியே எழுதி, “சொல்லாமப் போனியே கண்ணே” என்று முடித்துக் கவிதாவிடம் பாடிக் காட்டினேன்.

“நான் எங்க போனேன்?” என்றாள்.

அது பாட்டு என்றேன். கேட்கிறவர்களுக்கு அது தெரியுமா, பாலுவோட பொண்டாட்டி ஓடிப் போயிட்டா போலன்னு திருப்பூர் வரைக்கும் பேச மாட்டாங்களா என்று கேட்டாள். நியாயம்தான். உட்கார்ந்து யோசித்தேன். யார் மனமும் புண்படாத சொல்லாக ஒன்று வேண்டும். சட்டென்று பொறி தட்டியது. ‘கண்ணே’ வருகிற இடத்திலெல்லாம் ‘அம்மா’ என்று போட்டேன். அம்மா பாட்டுக்கு எந்தத் தமிழன் ஆட்சேபம் சொல்வான்? கவிதா சீர்த் தட்டுக்குப் பூ சொல்ல போனில் பேசிக்கொண்டிருந்தாள். அம்மான்னு மாத்திட்டேன் என்றதும், அப்போ ஓகே என்று கையை ஆட்டினாள். என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த நாள் நன்றாகத்தான் விடிந்தது. ஹோமத்துக்காக ஸ்மோக் அலாரங்களை எல்லாம் கழற்றி வைத்திருந்தார்கள். பால் பொங்கியது. சாப்பாடு ஆன பிறகு, ஹாலில் மாடிப்படி ஓரமாக எங்களை நிறுத்தினார்கள். இரண்டு ஆங்கிலப் பாட்டுகள் வாசித்தோம். பெரியவர்கள் பாயசத்தைக் குடித்தபடி தலையாட்டினார்கள். கவிதா தூரத்திலிருந்து சிரித்தாள். பேஸ்மெண்ட் கைக்கு வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அடுத்து ஒரு தமிழ்ப் பாட்டு என்று நானே மைக்கில் அறிவித்தேன். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். கோபி கண்ணை மூடினார்.

*விடிஞ்சு எழுந்து பாத்தேன், வீடே வெறிச்சுனு கெடக்கு*
*விடிஞ்சு எழுந்து பாத்தேன், வீடே வெறிச்சுனு கெடக்கு*
*சொல்லாமப் போனியே அம்மா, நான் யார்கிட்டப் போய்ச் சொல்ல?*

பேஸ்மெண்டில் அதுவரை கேட்காத ஒன்று அந்த ஹாலில் எனக்குக் கேட்டது. இது ப்ளூஸ் இல்லை. இது ஒப்பாரி. அசல் ஒப்பாரி. மாரில் அடிப்பதற்குப் பதில் மார்கஸ் ட்ரம்மில் அடிக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். பால் காய்ச்சி மூன்று மணி நேரம்கூட ஆகாத வீட்டில், மஞ்சள் குங்குமத்தோடு வந்திருக்கிற ஜனங்களுக்கு முன்னால், நான் எழவு வீட்டுப் பாட்டுக்கு பேஸ் வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

நிறுத்துங்கள் என்று கோபிக்குச் சாடை காட்டினேன். அவர் கண்தான் மூடியிருக்கிறதே! இரண்டாவது அடிக்குப் போய்விட்டார்.

*ஸ்டேஷனுக்கு ஓடி வந்தேன், வண்டி கெளம்பிப் போயிருச்சு*
*ஸ்டேஷனுக்கு ஓடி வந்தேன், வண்டி கெளம்பிப் போயிருச்சு*
*நான் வந்து சேர்றதுக்குள்ள என்ன அவசரம் அம்மா?*

மாடிப்படியில் நின்றிருந்த செந்தில் அப்படியே உட்கார்ந்தார். பட்டு வேட்டி, நெற்றியில் விபூதி, வீட்டுக்கு உரியவர். முகத்தைக் கையால் மூடிக்கொண்டு, சத்தம் போட்டு அழ ஆரம்பித்தார்.

முந்தைய வருடம்தான் அவருடைய அம்மா ஊரில் இறந்து போயிருந்தார். விசா சிக்கல், கிளம்பினால் திரும்பி வர முடியுமா என்று தெரியாத நிலை. ஒரே மகன், சுடுகாடு வரைக்கும் போனிலேயே பார்த்தார். மறுநாள் வேலைக்குப் போனார். அழவில்லை, நாங்களும் கேட்கவில்லை. செந்தில் தைரியமான ஆளு என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் பாட்டு எழுதும்போது அந்த அம்மாவின் நினைவு எனக்கு வரவே இல்லை. அதை இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

நான் மார்கஸைப் பார்த்தேன். அவர் செந்திலைப் பார்த்தார், மெதுவாகத் தலையசைத்தார், இன்னும் பலமாக வாசித்தார். (அவர்கள் சர்ச்சில் ஒருவர் அழுதால் பேண்ட் நிறுத்தாதாம். அவர் அழுது முடிக்கிறவரை தாங்கிப் பிடிக்குமாம். பிறகுதான் சொன்னார்.) அதற்குள் இரண்டு ஆன்ட்டிகள் அழுகிறார்கள். பாயசக் கிண்ணத்தோடு ஓர் அங்கிள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஊரில் அம்மாவை விட்டுவிட்டு வராதவர் அந்த ஹாலில் யார்? ஒரு மாமி மட்டும் நிலைமையைச் சமாளிக்க மங்களம் பாட ஆரம்பித்தார். அது வேறு சுருதி.

ஒருவழியாகப் பாட்டு முடிந்தது. கோபி கண்ணைத் திறந்து, கைதட்டலை எதிர்பார்த்துச் சிரித்தார்.

வனிதா நேராக என்னிடம் வந்தாள். “ஏனுங்ணா, பால் காய்ச்சின வீட்டுல ஒப்பாரி வெக்கறீங்களே, உங்களுக்கே இது நல்லா இருக்குதுங்களா?”

வாசலில் மறுபடி திருஷ்டி கழிக்க வேண்டும் என்றார்கள். வாங்கி வைத்திருந்த பூசணியைக் காலையிலேயே உடைத்தாகிவிட்டது. கடைசியில் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரம்மா ஹாலோவீனுக்குக் கண்ணும் பல்லும் செதுக்கி வைத்திருந்த பூசணியைக் கேட்டு வாங்கி, குங்குமம் தடவி உடைத்தோம். உடைகிற வரைக்கும் அது என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. மார்கஸ் ட்ரம்ஸை ஏற்றும்போது, நாம் வாசித்ததிலேயே இதுதான் சிறந்தது என்றார். வீட்டுக்குப் போகிற வழியில் பின் சீட்டிலிருந்து மகள், “அப்பா, தட் வாஸ் இன்டென்ஸ்” என்றாள்.

அடுத்த சனிக்கிழமை பேஸ்மெண்ட்டைக் காலி செய்ய ஆரம்பித்தோம். ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது செந்தில் வந்தார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் காதில் வாங்கவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்தார்.

“மாப்ள, அந்தப் பாட்டை இன்னொருக்கா பாடச் சொல்லுங்க. அன்னைக்கு முழுசா அழ விடல, பூசணிக்கா ஒடைக்கக் கூட்டிட்டுப் போயிட்டாங்க” என்றார்.

சுற்றிய ஒயரைப் பிரித்தோம். பாடி முடிக்கும்போது, மேல் படியில் கவிதா நின்றிருந்தாள். இறந்தவர் அவளுக்கும் பெரியம்மாதானே. கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் காபி போடவா என்று கேட்டாள். பேஸ்மெண்ட் பற்றிய பேச்சு அதன்பிறகு வரவில்லை. மகள் பரதத்தை ஹாலில் ஆடுகிறாள். மேலே அவள் குதிக்க, கீழே எங்களுக்குத் தாளம் தப்புகிறது.

ஆனால் கெட்ட பெயர் கெட்ட பெயர்தான். வளைகாப்போ, பிறந்தநாளோ, எதற்கு அழைத்தாலும் வனிதா கடைசியில் ஒரு வரி சேர்ப்பாள்: “அவசியம் வந்துருங்ணா. கிடாரை மட்டும் வீட்டுல வெச்சுட்டு வாங்க.” நாளாவட்டத்தில் அது குடும்பத்துக்கே பொதுவான நகைச்சுவை ஆகிவிட்டது. என்னைப் பார்க்காத சொந்தக்காரர்கள்கூட அப்படித்தான் அழைக்கிறார்கள்.

போன வருடம் ஒரு காலையில் வனிதாவிடமிருந்து போன் வந்தது. அவளுடைய அப்பா திருப்பூரில் தவறிவிட்டார். எந்த ஃப்ளைட்டைப் பிடித்தாலும் அவள் போய்ச் சேருவதற்குள் எடுத்துவிடுவார்கள். இதோ கிளம்பி வர்றோம்மா என்றேன். அவள் போனை வைக்கவில்லை.

“அண்ணா, கிடாரை எடுத்துட்டு வாங்க” என்றாள்.

மூன்று பேரும் போனோம். அதே ஹால், அதே மாடிப்படி ஓரம். ‘அம்மா’ வருகிற இடத்திலெல்லாம் கோபி ‘அப்பா’ என்று பாடினார். அன்று முழுப் பாட்டிலும் அவர் கண்ணை மூடவே இல்லை.