தூசி அண்ணாச்சி இணையத்தில் திறந்த கடை

தன் சரக்கின் குறையைத் தானே உலகத்துக்கெல்லாம் விளம்பரம் செய்த வியாபாரி, நான் அறிந்தவரை, திசையன்விளைத் தூசி அண்ணாச்சி ஒருவர்தான். அவர் விற்றது நிலாவாரை இலை. மலச்சிக்கலுக்கு நம் செம்மண் பூமி வெளிநாடுகளுக்கு அனுப்பும் மருந்து. வாங்க வருபவரிடம் மாதிரித் தட்டை நீட்டும்போது தூசியையும் காம்பையும் மேலே வைப்பார். நல்ல இலை அடியில் கிடக்கும். "தூசி இருக்கு, பாத்துக்கிடும்" என்பதுதான் அவருடைய வணக்கம். பெயர் அப்படி வந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஓர் ஆடி மாதம், அவரிடம் வழக்கமாக வாங்கிவந்த தூத்துக்குடி ஏற்றுமதிக்காரர் தொழிலை நிறுத்திவிட்டார். அண்ணாச்சி சரக்கு வைக்கும் கிட்டங்கி கூரைவரை நிறைந்திருந்தது. ஐப்பசி மழையின் ஈரம் ஏறினால் இலை கறுக்கும். கறுத்ததை எவரும் தொடமாட்டார்கள்.

கல்லூரி அலுவலகத்தில் தட்டச்சராக இருந்த நான், சனிக்கிழமைதோறும் வண்ணார்பேட்டை பிரவுசிங் சென்டரில் இணையப் பக்கம் அமைக்கப் பழகிக்கொண்டிருந்தேன். யாரோ சொல்லி அண்ணாச்சி என்னைத் தேடி வந்தார். கணிப்பொறியை அணுகுமுன் செருப்பைக் கழற்றினார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார். மோடம் கீச்சிட்டு ஓயும்வரை நின்றுகொண்டே இருந்தார்.

"உக்காருங்க அண்ணாச்சி."

"வெளிநாட்டுக்காரன் வருதான். உக்காந்துகிட்டா இருக்கது?"

பக்கத்தின் முதல் வரிக்கே தகராறு.

"முதல் தரமான இலைன்னு போடுவோம்" என்றேன்.

"எங்கன இருக்குவே முதல் தரம்? மூணாம் பறிப்புல்லா இது. தூசி இருக்கு, காம்பு இருக்குன்னு மொதல்ல போடும்."

"எல்லாரும் முதல் தரம்னுதான் போட்டிருக்காங்க."

"அப்ப அதுக்கு ஆளு நெறைய இருக்கு. நம்ம தரத்துக்கு ஒருத்தன் வேண்டாமா?"

அவர் சொன்னபடியே ஆங்கிலத்தில் எழுதினேன். கடையைச் சேர்த்துக்கொள்ளும்படி தேடல் தளம் ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பம் அனுப்பினோம். ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து, இலையின் பெயரைத் தேடச் சொல்லி, தம் கடை எத்தனையாவது என்று பார்ப்பார். ஆறு பக்கம் தள்ளியும் காணாது. "பைய வரும்வே" என்று பஸ் ஏறிவிடுவார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. வாசிப்பவர் கண்ணுக்குத் தெரியாமல், தேடல் தளம் மட்டும் படிக்கும் வரிகள் இணையப் பக்கத்தில் உண்டு. ஆவணிக் கடைசியில், அவரிடம் சொல்லாமல், அங்கே 'முதல் தரம், தூசியற்றது' என்று ஆங்கிலத்தில் பன்னிரண்டு முறை எழுதிவைத்தேன். இருபத்தொன்றாம் நாள், புரட்டாசிச் சனிக்கிழமை, கடை மூன்றாவது இடத்தில் நின்றது.

ஆனால் தேடல் தளம் அந்த மறைவரியையே எடுத்துக் கடைப் பெயருக்குக் கீழே போட்டிருந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஊரார் மூட்டைகளில் அச்சடிக்கும் அந்த ஆங்கிலச் சொற்கள் அண்ணாச்சிக்கும் தெரியும். எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"இது யாரு கடைவே?"

"உங்க கடைதான்."

"என் கடையில தூசி இல்லன்னு யாரு சொன்னது?"

சொன்னேன்.

"அழிச்சிரும்."

"அழிச்சா கடையே காணாமப் போயிரும் அண்ணாச்சி. மழைக்கு மூணு வாரந்தான் இருக்கு."

"மழைக்கு இலைதானே கறுக்கும்? அழியும்வே."

அழித்தேன். கடை காணாமல் போயிற்று. அடுத்த இரண்டு சனிக்கிழமைகளுக்கும் என் நாட்குறிப்பில் 'அண்ணாச்சி வரவில்லை' என்று மட்டும் இருக்கிறது.

அந்த இரண்டாவது சனிக்கிழமை ஜெர்மனியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. தேநீர்ப் பைகளில் மருந்திலை அடைத்து விற்பவர். அவருக்கு வேண்டியதே தூசிதான். 'இலையின் பெயரோடு தூசி என்றும் சேர்த்துத் தேடினேன். உங்கள் கடை ஒன்றுதான் வந்தது. இலையையும் நானே பொடித்துக்கொள்வேன். இவ்வளவு குறை சொல்பவர் மேலும் எதையும் மறைத்திருக்க மாட்டார். இருப்பதெல்லாம் அனுப்புங்கள்.'

திசையன்விளைக்குத் தொலைபேசியில் சொன்னேன். அடுத்த பஸ்ஸில் வந்து நின்றார். பதில் எழுத உட்கார்ந்தோம்.

"எங்க கடையில இருபத்தொரு நாளு ஒரு பொய் இருந்துச்சு, அழிச்சாச்சுன்னு மொதல்ல போடும்."

"அண்ணாச்சி! அந்த ஆளு அதைப் பாக்கவே இல்ல."

"நான் பாத்தேம்லா?"

"படிச்சா ஓடிருவாரு. கிட்டங்கி அப்படியே கெடக்கும்."

"ஓடுனா ஓடட்டும். தட்டும்வே."

தட்டினேன். பிழை என்னுடையது, அவர் பெயரில் அது போகக் கூடாது.

"நான்தான் எழுதினேன்னு என் பேரைப் போட்டுருதேன்" என்றேன்.

"உம்ம பேரு எதுக்குவே? கடைக்காரன் எழுதுனான்னு போடும். போட்டு அனுப்பும்."

ஜெர்மனிக்காரர் ஓடவில்லை. ஐப்பசியின் முதல் பெருமழை பெய்தபோது கிட்டங்கி காலியாக இருந்தது.

கணிப்பொறியில் ஓர் எழுத்தைக்கூடத் தட்டியறியாத தூசி அண்ணாச்சி வெளிநாட்டுக்கு அனுப்பிய ஒரே பொய், 'கடைக்காரன் எழுதினான்' என்ற அந்தக் கடைசி வரி. அதை அவர் எனக்காக அனுப்பினார்.