வயலினோடு ஏழு மாடி இறங்கிய விவரம்

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

தங்கள் மைத்துனன் பணிவோடு எழுதிக்கொண்டது. தாங்களும் அக்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் சௌக்கியம் கெட்டதற்குத் தாங்கள்தான் முழுப் பொறுப்பு என்பதை மரியாதை குறையாமல் தெரிவித்துக்கொள்ளவே இந்தக் கடிதம்.

நான் ஓய்வு பெற்ற அன்று தாங்கள் சொன்னது நினைவிருக்கலாம். “முப்பத்திரண்டு வருஷம் டிரைவிங் லைசென்ஸ் டெஸ்ட் வெச்சு ஊர்ல பாதிப் பேரை ஃபெயில் பண்ணிட்டே மாப்ளே. இனிமேலாவது ஒரு இசைக் குழுவுல சேர்ந்து நாலு பேரோட சிரிச்சுப் பேசு” என்றீர்கள். பெரியவர் வாக்காயிற்றே என்று சேர்ந்தேன். குழு கூடுவது ஒரு தையற்கடையில், ஞாயிறு மதியம், மெஷின்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு. கடைக்கார அம்மா பாடுவார். பஸ் டிரைவர் ஒருவர் டிரம்ஸ். லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் கிடார், பாட்டெழுதுவதும் அவரே. நான் உள்ளே நுழைந்ததும் டிரைவர் குச்சியைக் கீழே போட்டுவிட்டு, “சார்! என்னை மூணு தடவை ஃபெயில் பண்ணீங்களே, ஞாபகம் இருக்கா?” என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். “இருக்கிறது. மூன்றாவது தடவை மேட்டில் நிறுத்தியபோது வண்டி அரை அடி பின்னால் போயிற்று” என்றேன். மற்ற இருவரும் ஏன் சிரித்தார்கள் என்று இன்றுவரை விளங்கவில்லை.

அத்தான், கலை வேறு, பிழைப்பு வேறு என்பது என் கொள்கை. பன்னிரண்டு வயதிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டுதான் வயலின் வாசிக்கிறேன், ஒரு சுரம் தப்பியதில்லை, கேட்டவர்களும் யாருமில்லை. இவர்களோ செருப்பை மட்டும் வாசலில் விட்டுவிட்டு வேலையைக் கையோடு உள்ளே கொண்டுவந்துவிடுகிறார்கள். நிலா, மலர் என்று ஏதாவது பாடுவார்கள் என்று பார்த்தால், மூன்று வருஷத்துக்கு முந்தைய அளவிலேயே ரவிக்கை தைக்கச் சொல்லி அடம்பிடிக்கும் ஒரு வாடிக்கைக்காரியைப் பற்றிப் பாட்டு! டிரைவர் ஓட்டமாக அடித்துக்கொண்டே வந்து நடுவில் சட்டென்று நிறுத்துகிறார். ஏன் ஐயா என்றால், “ஆளு ஏறணும்ல சார்” என்கிறார். மெக்கானிக் லிஃப்ட் குழிக்குள் மல்லாந்து படுத்துக்கொண்டு பாட்டெழுதுவாராம், அங்கேதான் குரல் நன்றாக எதிரொலிக்கிறதாம். அதனால் அவர் மெட்டெல்லாம் மாடி மாடியாய் ஏறி, நின்று, இறங்குகிறது. அந்த அம்மாவோ, “இந்த வரி தொளதொளன்னு இருக்கு, ஒரு பிடி பிடிச்சிடலாம்” என்று பாட்டைக் கத்தரிக்கிறார். இதைத் திருத்தப் பன்னிரண்டு விதிகள் கொண்ட சுற்றறிக்கை ஒன்று தயாரித்து, மதிப்பெண்ணும் போட்டுக் கொடுத்தேன். அம்மாவுக்கு நாற்பத்தொன்று. பாஸ் அறுபது. அந்த அறிக்கையின் பின்பக்கத்தில் காலர் அளவு வரைந்து வெட்டிவிட்டார் அத்தான்! தப்பாக வாசித்தவரை நிறுத்தி வெளியே அனுப்ப வேண்டாமா என்று கேட்டதற்கு, “தப்பாத் தைச்சா பிரிச்சுத் தைப்போம் சார், துணியையா தூக்கிப் போடுவோம்?” என்று என்னையே கேட்டார்.

இந்த நிலையில்தான் ஏழு மாடி கட்டிய ஒரு பெரிய மனிதர் கூப்பிட்டனுப்பினார். நாற்காலி போட்டு, காப்பி கொடுத்து, “திறப்பு விழாவுல உங்க குழு பாடணும். கட்டடத்தைப் பத்தி நாலு வரி, லிஃப்ட் புதுசு, அதைப் பத்தியும் ரெண்டு வரி” என்றார். இவ்வளவு மரியாதை எனக்குப் பணியில் இருந்தபோதும் கிடைத்ததில்லை. குழு சார்பில் ஒப்புக்கொண்டேன். வந்து சொன்னால் மெக்கானிக் கிடாரைச் சுவரில் சாய்த்துவிட்டார். “அந்த லிஃப்டுக்கு நான் கையெழுத்துப் போடல சார். பிரேக் சரியில்ல. சொன்னேன். வேற ஆளைப் பிடிச்சுக் கையெழுத்து வாங்கிட்டாரு.” கையால்தானே போடவில்லை, வாயால் பாடலாமே என்று நியாயமாகத்தான் எடுத்துச் சொன்னேன். ஒருநாளும் குரல் உயர்த்தாத டிரைவருக்கு அன்று கோபம் வந்துவிட்டது. “அரை அடிக்கு என்னை ஃபெயில் பண்ணீங்க. அன்னைக்கு உங்களைத் திட்டாத திட்டு இல்ல. ஆனா இருபது வருஷமா மேட்டுல பஸ்ஸை நிறுத்தும்போதெல்லாம் உங்களைத்தான் நெனச்சுக்கறேன். பின்னால அறுபது பேரு உக்காந்திருக்காங்க சார். இன்னைக்கு நீங்களே பிரேக் இல்லாத லிஃப்டைப் புகழ்ந்து பாடச் சொல்றீங்களா?” என்றார். நாகரிகம் தெரியாதவர்களோடு என்ன பேச்சு என்று நான் மட்டும் வயலினை எடுத்துக்கொண்டு விழாவுக்குப் போனேன்.

விழா மொட்டை மாடியில். பெரிய மனிதரே என்னைத் தன்னோடு லிஃப்டில் ஏற்றிக்கொண்டார். மேலே போய் நின்றது, கதவு திறந்தது, நான் காலை எடுத்து வைக்கும்போது அது மெல்ல அரை அடி கீழே இறங்கியது அத்தான். அரை அடிதான். “புது மருமக மாதிரி கூச்சப்படுது” என்று அவர் சிரித்தார். கூட வந்தவர்களும் கடமைக்குச் சிரித்தார்கள். நான் குனிந்து அந்த இடைவெளியை ஜாண் போட்டு அளந்தேன். மைக் முன்னால் நிறுத்தினார்கள். வயலினைத் தோளில் வைத்தேன், வில்லை எடுத்தேன், கை ஓடவில்லை. இருநூறு பேர் பார்க்கிறார்கள், பாவி மனசு அந்த அரை அடியிலேயே நிக்குது, என்ன பண்ணுவேன்? முப்பத்திரண்டு வருஷப் பழக்கம், வாய் தானாகத் திறந்துகொண்டது. “லிஃப்ட் ஃபெயில். குறையைச் சரி செய்து அடுத்த மாதம் மறுபடி கொண்டு வரவும்” என்று மைக்கிலேயே சொல்லிவிட்டேன்.

அவ்வளவுதான், இருநூறு பேரும் படிக்கட்டுக்கு ஓடினார்கள். குதிகால் செருப்புகளைக் கையில் பிடித்தவர்கள் எத்தனை, இறுக்கின கோட்டு பிதுங்கப் பாதி மாடியில் உட்கார்ந்துவிட்டவர்கள் எத்தனை! பின்னாலிருந்து பெரிய மனிதர், “இவனை வயலின் வாசின்னா லிஃப்டை வாசிக்கிறானே!” என்று கத்துகிறார். ஏழு மாடியும் இறங்கினேன். முழங்கால் இரண்டும் கழன்று கையில் வந்துவிடும் போலிருந்தது. கீழே எதிர்ச் சாரியில் பார்த்தால் மூன்று பேரும் நிற்கிறார்கள், மெக்கானிக் கையில் கருவிப் பெட்டி. “நீங்க அந்த லிஃப்டுல ஏறிடுவீங்கன்னு இவருக்குக் காலையிலேர்ந்து பயம் சார், அதான் வந்து நிக்கிறோம்” என்றார் அம்மா. வயலினை அவர் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மூச்சு வாங்கியதுதான் காரணம், வேறொன்றும் இல்லை.

நடந்ததைக் கேட்டதும் டிரைவர் நடுரோட்டில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தார். அது போதாதென்று என்னைப் பற்றி ஒரு பாட்டே கட்டிவிட்டார்கள். தெருவில் போகிற வருகிறவர்களெல்லாம் இப்போது என்னை ‘அரையடி சார்’ என்கிறார்கள். நான் செய்தது கடமை, இவர்கள் அதைக் கச்சேரியாக்கிவிட்டார்கள். போன ஞாயிறு ஒத்திகைக்கே போகவில்லை. எழுத்து மூலம் ராஜினாமா செய்துவிட்டேன். வயலினைப் பெட்டியில் வைத்துப் பூட்டியாயிற்று. சனிக்கிழமை ரயிலில் அங்கே வருகிறேன், ஒரு மாதம் இருப்பேன். அக்காவிடம் சொல்லி ரேடியோவை எடுத்து உள்ளே வைக்கவும். இனி இந்தக் காதில் ஒரு பாட்டும் விழக்கூடாது.

அக்காவுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகளுக்கு ஆசிகள். அவர்கள் நன்றாகப் படித்து, சாலையில் இடப்புறம் வலப்புறம் பார்த்து நடந்து, நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
இசையை அடியோடு துறந்த
தங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில் தையற்கார அம்மா வந்தார். அந்தப் பாட்டின் நடுவில் வயலினுக்கென்று இடம் விட்டுக் கட்டியிருக்கிறார்களாம். போன ஞாயிறு அந்த இடம் வந்ததும் மூன்று பேரும் வாசிப்பதை நிறுத்திவிட்டு, நாலு நிமிஷம் என் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்களாம். இதைவிடப் பைத்தியக்காரத்தனம் உண்டா? இதை வளரவிட்டால் ஆபத்து. எனவே ரயில் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்க் கடுமையாகக் கண்டிக்கப் போகிறேன். வயலினையும் எடுத்துப் போகிறேன். வெறுங்கையோடு போனால் கண்டிப்பு அவர்கள் காதில் ஏறாது.