அழகுமலையின் பெயரைக் கல்லிலிருந்து எடுப்பது குறித்து

பூண்டி,
தை மாதம், செவ்வாய்.

அன்புள்ள மாப்பிள்ளை குமரகுருவுக்கு முருகவேல் எழுதுவது. இங்கே நானும் பனியும் சுகம். பழனியில் தங்கை விசாலாட்சியும் பிள்ளைகளும், உங்கள் கல் பட்டறையும் சுகமாயிருக்க ஆண்டவன் துணை.

நீங்கள் செதுக்கி அனுப்பிய 'மறைந்த நம் ஊர்ப் போர்வீரர்கள்' கல்லிலிருந்து ஒரு பெயரை உடனே எடுத்தாக வேண்டும். அழகுமலை உயிரோடிருக்கிறார்.

தப்பு முழுக்க என்னுடையது. ஓய்வுபெற்ற ஊராட்சி எழுத்தருக்கு வேறென்ன சோலி என்று, பட்டாளத்துக்குப் போன நம் ஊர்க்காரர்களை மூன்று வருடமாகத் தேடினேன். எழுபத்தொன்றாம் வருட யுத்தத்துக்குச் சேர்ந்து போன இருவரில் சின்னச்சாமி திரும்பவில்லை. அழகுமலை திரும்பியும், பூண்டிப் பக்கமே வராமல் கூக்காலில் பெண்ணெடுத்து அங்கேயே தங்கிவிட்டார். அவரைப் பார்க்க ஆயுத பூஜையன்று போனேன். வீடு பூட்டியிருந்தது. ஜன்னல் வழியே பார்த்தால், பட்டாள உடுப்பில் அவர் படம். சந்தனப் பொட்டு, செவ்வந்தி மாலை. அழுதுவிட்டேன். வாசலில் மருந்தடிக்கும் மிஷினுக்கும் மாலை போட்டிருந்தது. மனிதர் தொட்ட சாமானைக்கூட எப்படி மதிக்கிறார்கள் என்று இன்னும் அழுதேனே தவிர, அன்றைக்கு என்ன நாள் என்பது இந்த மண்டையில் ஏறவில்லை.

கல்லை நட்டதும், இருபத்தாறாம் தேதித் திறப்பு விழாவுக்குக்கூடக் காத்திராமல் நம் பெண்கள் மஞ்சள் பூசி வேண்டுதல் வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். இன்று, பூண்டு வயலெல்லாம் பனியில் கரைந்து, ஊரே அந்தரத்தில் மிதக்கிற மாதிரி இருந்த காலையில், கூக்கால் பஸ்ஸிலிருந்து அழகுமலை இறங்கினார். தன் பெயரைத் தடவிப் பார்த்தார்.

"ஏலே, நான் எப்பச் செத்தேன்?"

"படத்துக்கு மாலை போட்டிருந்துச்சேண்ணே..."

"எம்பொண்டாட்டி கோழிக்கூண்டுக்குந்தான் மாலை போட்டா. கோழியெல்லாம் செத்துப்போச்சா? வெரசா ஆளக் கூப்பிடு. பேரு அழியற வரைக்கும் இந்த ஊர்ல பச்சத்தண்ணி தொடமாட்டேன்."

சொன்னபடியே, கம்பளியைப் போர்த்திக்கொண்டு கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். கூக்காலிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்க்கில் காப்பி தீரப்போகிறது. உளியோடு உடனே புறப்படுங்கள். எனக்கு வெளியே தலைகாட்ட வெட்கமாயிருக்கிறது.

தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசி. எல்லோரும் நூறு வயது இருந்து, எந்தக் கல்லிலும் முன்கூட்டியே ஏறாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
முருகவேல்

பின்குறிப்பு: உளி வேண்டாம். கடிதத்தை ஒட்டப் போகையில் வடகவுஞ்சியிலிருந்து சின்னச்சாமியின் தங்கை வேலுத்தாய், என் ஜன்னலுக்கு எதிரே கல்லடிக்கு வந்தார். பனியில், கல்லுக்குப் பின்னால் ஆள் இருப்பது அவருக்குத் தெரியவில்லை. பெயர்மேல் கைவைத்து, "அழகுமலையண்ணே, நீங்களும் அங்கதான இருந்தீங்க. எங்கண்ணன் கடைசியில தனியாவா கெடந்துச்சு? இப்பவாச்சும் சொல்லுங்க" என்றார்.

அப்புறம் கல் பேசியது.

"தனியா இல்ல தாயி. எம்மடியிலதான் கெடந்தான். நீ பின்னிக் குடுத்த குல்லாயக் கடைசி வரைக்கும் கழட்டவிடல."

வேலுத்தாய் பயப்படவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு, விம்மி அழுது, வெள்ளிக்கிழமை மறுபடி வருவதாகக் கல்லிடம் சொல்லிவிட்டுப் போனார். அந்த முகத்தைப் பார்க்கப் பயந்துதான் அழகுமலை இத்தனை வருடம் ஊருக்கே வரவில்லையாம். இப்போது என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

"அவகிட்டச் சொல்ல இன்னும் நெறையக் கெடக்குப்பா" என்கிறார். "அது வரைக்கும் நான் செத்தவனாவே இருந்துக்கிறேன்."